நிற்க ஓர் இடம்

ஆட்டத்தை நின்று பார்ப்பதா, அமர்ந்து பார்ப்பதா? இவ்வினா ஒரு நாட்டின் நீதியரசரையும் அரசையும் விளையாட்டு மன்றங்களையும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அலைக்கழித்தது என்றால் கேட்போர் வியப்புறக்கூடும். இங்கிலாந்தில் நிகழ்ந்தது அதுவே. கால்பந்துத் திடல்களில் பாதுகாப்பாக நின்று பார்க்கும் பகுதிகளை மீண்டும் அனுமதிக்கலாமா என்பதே அங்கு எழுந்த வழக்கு. அவ்வழக்கில் நாமும் மனத்தளவில் ஒரு பக்கம் நின்றோம். பின்னர் அப்பக்கத்தை விட்டு மாறினோம். மாறிய வரலாற்றை இம்மலரின் வாயிலாக மாணவர்க்குச் சொல்ல விழைகின்றோம்.

நாம் பிறந்தது ஒரு கடற்கரையூர். கோடை விடுமுறையில் நம்மூர்த் திடலில் கால்பந்துப் போட்டிகள் நடைபெறும். எல்லைக் கயிற்றுக்கு வெளியே மணலில் ஊரே திரண்டு நிற்கும். நாற்காலி என்பது பரிசளிக்க வந்த பெரியவர்க்கு மட்டுமே. நாம் வாப்பாவின் தோள்மீதிருந்து ஆட்டம் பார்த்தோம். பந்து இலக்கை நெருங்கும்போது கூட்டம் கடலலை போல முன்னே சாயும். அவ்வேளை வாப்பாவின் கைகள் நம் கணுக்கால்களை இறுகப் பற்றும். அந்த இறுக்கம் இன்றும் நினைவில் நிற்கின்றது.

1989ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நாளிதழில் வந்த ஒரு படத்தையும் நாம் மறக்கவில்லை. கம்பிவேலியோடு அழுத்தப்பட்டுத் திணறும் முகங்கள். வாப்பா அந்த இதழை மடித்து வைத்துவிட்டு, "இனிமேல் கூட்டத்தில் முன்னே போய் நிற்காதே" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்குப் பின்னர் நாம் திடலுக்குச் சென்றபோதெல்லாம் சுற்றுச்சுவர்மீது அமர்ந்தே ஆட்டம் பார்த்தோம்.

அந்தப் படம் இங்கிலாந்தின் செபீல்டு நகரிலுள்ள ஹில்ஸ்பரோ திடலில் எடுக்கப்பட்டது. ஏப்ரல் 15, சனிக்கிழமை. லிவர்பூல் அணிக்கும் நாட்டிங்காம் பாரஸ்ட் அணிக்கும் இடையே எப்.ஏ. கோப்பை அரையிறுதி ஆட்டம். லிவர்பூல் அன்பர்க்கு ஒதுக்கப்பட்ட மேற்குப்புறத்தில், நின்று பார்க்கும் படித்தளம் வேலிகளால் பல பட்டிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஆடுகளத்திற்குள் எவரும் இறங்காதிருக்க முன்புறமும் உயர்ந்த கம்பிவேலி. அத்தளத்திற்குச் சீட்டுப் பெற்றவர் 10,100 பேர். அவர்கள் நுழைவதற்கு இருந்த சுழல்கதவுகளோ ஏழு. ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்க நெருங்க வெளியே நெரிசல் மிகுந்தது. 2.52 மணிக்குக் காவல்துறையினர் பெரிய வெளிவாயிற்கதவைத் திறக்க ஆணையிட்டனர். உள்ளே புகுந்தோர்க்கு எதிரே தெரிந்தது ஒரு சுரங்கவழி. அது நடுவிலிருந்த இரண்டு பட்டிகளுக்கு இட்டுச் சென்றது. அவை முன்னரே நிரம்பிவிட்டன. இருமருங்கிலுமிருந்த பட்டிகளிலோ இடம் இருந்தது. அங்கே செல்லுமாறு வழிகாட்ட எவரும் நிற்கவில்லை.

அந்நிகழ்ச்சியால் உயிரிழந்தோர் 97 பேர். இறுதியானவர், அன்று பட்ட காயங்களின் விளைவாக 32 ஆண்டுகள் கழித்து 2021இல் மறைந்தார். யாவரினும் இளையவன் பத்து வயதுச் சிறுவன். அவ்வாண்டு நமக்கும் வயது பத்து. இதனைப் பின்னாளில் அறிந்தபோது, வாப்பா அந்த நாளிதழை ஏன் மடித்து வைத்தார்கள் என்பது நமக்கு விளங்கியது.

இறந்தோர்க்கு இழைக்கப்பட்ட இரண்டாவது அநீதி, பழி. கூட்டத்தினரே கதவை உடைத்து நுழைந்தனர் என்று அன்றே பொய் சொல்லப்பட்டது. நான்கு நாள்கள் கழித்து ஒரு நாளிதழ், 'உண்மை' என்று தலைப்பிட்டு, அன்பர்கள்மீது இழிவான பொய்களைச் சுமத்தியது. நீதியரசர் டெய்லர் அவ்வாண்டு ஆகஸ்டு திங்களிலேயே, காவல்துறையின் கட்டுப்பாட்டுத் தவறே முதன்மைக் காரணம் என அறிக்கையளித்தார். எனினும் பழி முற்றாக அகல 27 ஆண்டுகள் ஆயின. 2016இல்தான், அவர்கள் சட்டத்திற்கு மாறாகக் கொல்லப்பட்டனர் என்றும், அன்பர்கள்மீது குற்றம் இல்லை என்றும் நடுவர் குழு தீர்ப்புரைத்தது. மைந்தரை இழந்த தாயரும் தந்தையரும் அதுவரை போராடினர். தீர்ப்பைக் காணாமலே மறைந்தோரும் உளர்.

டெய்லரின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் வெளிவந்தது. அதிலிருந்த பரிந்துரைகள் 76. பெரிய திடல்களில் அனைவர்க்கும் இருக்கை வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. முதலிரு பிரிவுகளின் மன்றங்கள் 1994 ஆகஸ்டுக்குள் இதனை நிறைவேற்ற வேண்டியதாயிற்று. லிவர்பூலின் புகழ்பெற்ற 'காப்' என்னும் படித்தளமும் அவ்வாண்டுக் கோடையில் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் இருக்கைகள் எழுந்தன. வேலிகள் வீழ்ந்தன, கழிப்பிடங்களும் வழிகளும் சீராயின, அஞ்சி ஒதுங்கியிருந்த குடும்பங்கள் வரலாயின. இவை மறுக்கவொண்ணா நன்மைகள். ஆகவே, "இருக்கையே காப்பு, நிற்றலே கேடு" என்று நாம் நெடுங்காலம் முடிவு கட்டியிருந்தோம். கம்பிவேலிப் படத்தைக் கண்ட கண்களுக்கு வேறு முடிவு தோன்றவில்லை.

இந்நிலையில், மான்செஸ்டரில் பணிபுரியும் நம் தங்கை மகன் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தான். ஆட்டம் பார்க்கச் செல்வதாகவும், நிற்கும் பகுதியில் சீட்டுக் கிடைத்திருப்பதாகவும் மகிழ்ச்சி பொங்கச் சொன்னான். நமக்கு உள்ளம் திடுக்கிட்டது. "வேண்டாம், காசு கூடினாலும் உட்காரும் இடத்தில் வாங்கு" என்று கடிந்தோம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, என் சீட்டில் என் இடத்து எண் போட்டிருக்கிறது. அந்த இடத்தில் நான் ஒருவன்தான் நிற்பேன்" என்றான். அந்த ஒரு சொற்றொடர் நம்மை நூலகத்திற்கு அனுப்பியது.

படித்தறிந்தவை பல. இருக்கை வந்த பின்னரும் அன்பர்கள் அமரவில்லை. இலக்குக் கம்பத்திற்குப் பின்புறப் பகுதிகளில் ஆயிரக்கணக்கானோர் ஆட்டம் முழுதும் இருக்கைக்கு முன்னே நின்றுகொண்டே இருந்தனர். முழங்காலளவே உயர்ந்த முன்னிருக்கையின் முதுகு, மகிழ்ச்சிப் பெருக்கில் முன்னே சாய்வோரைத் தாங்காது. இடறி விழச் செய்யும். ஆகவே உண்மையான வழக்கு நிற்றலுக்கும் அமர்தலுக்கும் இடையே அன்று. தாங்கலின்றி நிற்பதற்கும் தாங்கலோடு நிற்பதற்கும் இடையே ஆகும். கீழ்ப்பிரிவு மன்றங்களில் நின்று பார்த்தல் தடையின்றித் தொடர்ந்தது என்பதையும் எண்ணுதல் வேண்டும். ஒரே செயல் ஒரு பிரிவில் முறையாகவும் மற்றொன்றில் பிழையாகவும் இருந்தது.

ஜெர்மனியில் நின்று பார்த்தல் ஒழியவே இல்லை. டார்ட்மண்ட் நகரத் திடலின் தென்புறத்தில் உள்நாட்டு ஆட்டங்களுக்கு ஏறத்தாழ 25,000 பேர் நிற்கின்றனர். ஸ்காட்லாந்தின் செல்டிக் மன்றம் 2016இல் கம்பி இருக்கைகளை அமைத்தது. இதன் அமைப்பு எளிது. ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பளவில் உறுதியான கம்பித் தடுப்பு ஒன்று உண்டு. அதனோடு மடக்கிப் பூட்டத்தக்க இருக்கை. எத்தனை இருக்கையோ அத்தனை பேரே நிற்கலாம். ஒருவர் மற்றொருவர்மீது அலையாகச் சாய இயலாது. 2022 ஜனவரியில் செல்சி, மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட், டாட்டன்காம், கார்டிஃப் சிட்டி ஆகிய ஐந்து மன்றங்களின் திடல்களில் இம்முறை வெள்ளோட்டம் விடப்பட்டது. 2022-23ஆம் ஆட்டப் பருவம் முதல், உரிய நிபந்தனைகளை நிறைவு செய்யும் மன்றங்களுக்கு உரிமம் வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

இங்கே நம் மொழி நமக்குக் கைகொடுக்கின்றது. தமிழில் 'எண்ணுதல்' என்பதற்குக் கணக்கிடுதல் என்றும் பொருள். சிந்தித்தல் என்றும் பொருள். ஹில்ஸ்பரோவில் இவ்விரண்டும் நிகழவில்லை. சுழல்கதவுகளில் படித்தளம் முழுமைக்குமான தொகை கணக்கிடப்பட்டதே அன்றி, எந்தப் பட்டியில் எத்தனை பேர் என்று எண்ணுவார் இல்லை. நடுப்பட்டிகள் இரண்டுக்கும் ஒப்பளிக்கப்பட்ட அளவு 2,200. அந்த அளவே மிகை என்று பின்னர்க் கண்டறியப்பட்டது. ஏழு சுழல்கதவுகள் 10,100 பேருக்குப் போதுமா என்றும் எண்ணுவார் இல்லை. அக்குறைபாடு தொடர்பாக, திடலுக்குரிய மன்றத்தின் அன்றைய செயலருக்கு 2019இல் விதிக்கப்பட்ட தண்டத்தொகை 6,500 பவுண்டு. வந்தவர்களைக் காக்க வேண்டிய மக்களாக எண்ணாமல், அடக்க வேண்டிய கூட்டமாக எண்ணியதே வேலியையும் பட்டியையும் எழுப்பியது. கொன்றது நிற்றல் அன்று; எண்ணாமையே கொன்றது.

அமர்தல் மட்டும் ஒருவரைக் காத்துவிடாது என்பதற்கும் சான்று உண்டு. 1985 மே 11இல் பிராட்ஃபோர்டு திடலின் மரத்தாலான இருக்கை மாடத்தில் தீப்பற்றி 56 பேர் மாண்டனர். மாடத்தின் அடியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த குப்பையை எவரும் அகற்றவில்லை. பின்புற வாயில்கள் பல பூட்டிக் கிடந்தன. அங்கும் குறைந்தது எண்ணமே.

இவ்வளவும் கூறிய பின்னர் மறுபக்கத்தாரையும் மதித்தல் முறையாகும். ஹில்ஸ்பரோவில் மக்களை இழந்த பெற்றோருள் சிலர், நின்று பார்க்கும் முறையை எந்த வடிவிலும் ஏற்க இயலாது என்று இறுதிவரை கூறினர். வேறு சிலர், பழி நிற்றலின்மீது விழுந்தால் தவறு செய்தோர் தப்பிவிடுவர் என்று வாதிட்டனர். லிவர்பூல் மன்றமும் இவ்விரு குரல்களையும் கேட்டு நெடிது தயங்கியது. 2021இல்தான் தன் திடலில் ஏறத்தாழ 7,800 கம்பி இருக்கைகளை அமைத்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் அச்சத்தைப் பொறியியல் கணக்கினால் வென்றுவிட முடியாது. வெல்ல வேண்டுவதும் இல்லை. அவ்வச்சம் விழித்திருக்கும் வரையில்தான் கணக்கும் சரியாக இருக்கும். உரிமம் பெற்ற மன்றம் நாளை ஒரு வரிசையில் இருமடங்கு பேரை அனுமதித்தால் கம்பித் தடுப்பும் பயனின்றிப் போகும்.

தங்கை மகன் அன்று ஆட்டத்திற்குச் சென்றான். அது முடியும்வரை நாம் உறங்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. நம் கருத்து மாறியது அதற்குப் பின்னரே. வீடு திரும்பியதும் அழைத்து, "என் வரிசையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தாத்தாவும் பேரனும் நின்றார்கள், மாமா" என்றான். நமக்கு வாப்பாவின் கைகள் நினைவுக்கு வந்தன. கணுக்காலைப் பற்றிய அக்கைகள் கூட்டத்தை வெறுக்கவில்லை. கூட்டத்தினுள் தம் பிள்ளை ஒருவன் இருக்கின்றான் என்பதை ஒரு நொடியும் மறக்கவில்லை. அவ்வளவே.

மாணவ நண்பர்களே! நாளை நீங்கள் ஆசிரியராகலாம்; அலுவலராகலாம்; ஊர் விழாவை முன்னின்று நடத்தலாம். எத்தனை பேர் வருவர், எத்தனை வாயில், எது பூட்டியிருக்கின்றது, யார் வழிகாட்டுவார் என்று விழாவுக்கு முதல்நாளே எண்ணுங்கள். வருவோர் நின்றாலும் அமர்ந்தாலும் அவருள் ஒவ்வொருவரும் ஒரு வீட்டில் எதிர்பார்க்கப்படுகின்றவர் என்பதை மறவாதீர்கள். மனிதர்க்கு நிற்க ஓர் இடம் தருவது எளிது. அவ்விடத்தில் அவர் எண்ணப்பட்டவராக நிற்குமாறு செய்வதே கடமை.