அசையாத கல்

தேவி பிரசாத் ராய் சௌத்ரியைப் பற்றிப் பல வருஷங்களுக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில் நான் எழுதியது இரண்டே வாக்கியம். மெரினாவின் உழைப்பாளர் சிலை வெண்கலத்தில் வார்த்த சுவரொட்டி என்றும், சென்னையில் நவீன சிற்பம் அவருடைய மாணவர்கள் அவரை மறந்த பிறகே தொடங்கிற்று என்றும். பணிக்கரும் தனபாலும் அவரிடம் பயின்றவர்கள் என்பதை நான் பொருட்படுத்தவில்லை. ராம்கிங்கர் பைஜ் 1938-ல் சாந்திநிகேதனில் சிமெண்டும் சரளையும் கொண்டு செய்த சந்தால் குடும்பத்தைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்துவிட்டு, அதைக்கொண்டு மற்ற எல்லாரையும் அளந்த காலம்.

அந்த இதழ் வந்த சமயம் அப்பா பட்டணம் வந்திருந்தார். வடுகபட்டிப் பக்கம் கிணறு வெட்டப் போகிறவர். சிலையைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "கல்லு இன்னும் அசையலையேய்யா" என்றார். அதை என் கட்சிக்குச் சாதகமாக்கி, நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

சமீபத்தில் தில்லியில் நவீனக் கலைக்கான தேசியக் கூடத்துக்குப் போனேன். 1954-ல் அது திறந்தபோது வைத்ததே சிற்பக் கண்காட்சிதான். முதல் பரிசு ராய் சௌத்ரிக்கு. ஜெய்ப்பூர் ஹவுஸ் புல்வெளியில் அதே நால்வரின் இன்னொரு வார்ப்பு நிற்கிறது. 1959-ல் மெரினாவில் வைத்ததை நான் பெரும்பாலும் பஸ் ஜன்னல் வழியாகவே பார்த்திருக்கிறேன். இங்கே பின்னால் போய் நின்றேன்.

முன்னால் தெரிகிற வீரம் பின்னால் இல்லை. முதுகுகள், ஊன்றிய கால்கள், ஒரே திசையில் சாயும் பாரம். கடப்பாரை கொடுத்து நெம்பும்போது, குரல் கொடுக்கிறவன் வாய் திறப்பதற்கு முன், எல்லாரும் மூச்சை அடக்கி நிற்கிற கணம். அதில் ஒருவன் பிடி தளர்ந்தால் அடுத்தவன் கால் போகும். அப்பாவுக்கு இடது காலில் இரண்டு விரல் கிடையாது.

'உழைப்பின் வெற்றி' என்ற பெயர்தான் பொய். வெற்றி எதுவும் அங்கே இன்னும் நிகழவில்லை. அப்பா பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் வாபஸ் வாங்கவும் முடியவில்லை. இவை பயில்வான் உடம்புகள்; சௌத்ரி தாமே மல்யுத்தம் பழகியவர். கிணற்றுக்குள் இறங்குகிறவனுக்கு வயிறு ஒட்டிக் கிடக்கும். ராம்கிங்கருக்கு அது தெரியும். ஆனால் அவருடைய சந்தால்கள் நடந்துபோகிறார்கள், நாயும் கூட வருகிறது. கல்லின் கனத்தைச் செய்தவர் சௌத்ரி.

ஊருக்குப் போனபோது பழைய இதழைத் தேடினேன். பரணில், பூண்டு மூட்டைச் சாக்கில் சுற்றி அப்பா கட்டி வைத்திருந்த கட்டில் அதுவும் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பார். அந்தப் பக்கத்தைப் படித்தாரா என்று இனிக் கேட்க முடியாது.