மாலையைப் பிடித்துக்கொண்ட பிள்ளை

புத்த மதம், மறுபிறவி என்று சினிமாப் பேச்சு வந்தால் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது பெர்டோலுச்சி எடுத்த 'லிட்டில் புத்தா' தான். 1993-ல் வந்தது. கியானு ரீவ்ஸ் சித்தார்த்தராக வருவார். படம் கண்ணுக்கு நிறைவாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மாதமாக என் மனதை விட்டுப் போகாமல் இருப்பது வேறு ஒரு படம். 'அன்மிஸ்டேக்கன் சைல்ட்' என்று பெயர். 2008-ல் நதி பராட்ஸ் என்ற இஸ்ரேல் இயக்குநர் எடுத்த டாகுமெண்டரி. அக்கா மகன் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். "மாமா, பாட்டு, சண்டை ஒண்ணும் இருக்காது, பொறுமையாப் பாருங்க" என்று எச்சரிக்கை வேறு செய்தான். பொறுமைக்கு அவசியமே வரவில்லை.

காத்மாண்டு பக்கத்தில் கோபன் என்று ஒரு திபெத்திய மடம். அங்கே கெஷே லாமா கொன்சோக் என்ற பெரியவர் 2001-ல் தமது 84-வது வயதில் காலமாகிறார். பல வருடங்கள் மலைக்குகையில் தனியாக இருந்து தியானம் செய்தவர். அவருடைய சீடர் டென்சின் சோபா. ஏழு வயதில் அவரிடம் வந்து சேர்ந்து, இருபத்தோரு வருடம் சமையல், துணி துவைப்பது முதல் எல்லாச் சேவையும் செய்தவர். குரு போன பிறகு இவர் முகத்தைப் பார்க்கவேண்டும். தகப்பன் செத்த வீட்டில் மூத்த பிள்ளை எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நடமாடுவானே, அப்படி. தகனம் முடிந்து சாம்பலைக் கிளறி அதில் முத்து போன்ற சிறு மணிகளைப் பொறுக்குகிறார்கள். ஞானிகளின் அஸ்தியில் அவை கிடைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அதன்பின் அவருக்கு ஒரு வேலை கொடுக்கப்படுகிறது. குரு எங்கோ மறுபடியும் பிறந்திருப்பார், அந்தக் குழந்தையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஜோசியம் பார்த்ததில் தகப்பனார் பெயர் 'அ' என்று தொடங்கும், ஊர்ப் பெயர் 'ட்ஸ' என்று தொடங்கும் என்று வருகிறது. இவ்வளவுதான் விலாசம். மனிதர் கிளம்பிவிடுகிறார். நேபாளத்தில் திபெத் எல்லையை ஒட்டிய ட்ஸும் பள்ளத்தாக்கு. அவருக்கும் சொந்த மண் அதுதான். நடை, கோவேறு கழுதை, சில சமயம் ஹெலிகாப்டர். வீடு வீடாகப் போய், ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறதா என்று விசாரிக்கிறார். குழந்தைகளைக் கொஞ்சுகிறார், கையில் எதையாவது கொடுத்துப் பார்க்கிறார். சில குழந்தைகள் ஓடுகின்றன, சில அழுகின்றன. ஜனத்தொகைக் கணக்கு எடுப்பவர் போல அலைகிறார், பாவம்.

கடைசியில் ஒரு குழந்தை. குரு வைத்திருந்த ஜபமாலையைக் கையில் பிடித்தவன் விடவே மாட்டேன் என்கிறான். தன்னுடையது என்பதுபோல மார்போடு சேர்த்துக் கொள்கிறான். பிறகு மடத்தில் பெரியவர்கள் முன்னால் பரீட்சை. மாலை, மணி, சிறு உடுக்கை எல்லாம் வரிசையாக வைத்திருக்கிறார்கள். குருவினுடையது ஒன்று, மற்றவை அதுபோல வேறு. பிள்ளை எடுக்கிறான், அவை குருவினுடையவை. இப்போதைய தலாய் லாமாவையும் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். பதின்மூன்றாவது தலாய் லாமா 1933-ல் மறைந்தார். 1935-ல் பிறந்த இவரை இரண்டு வயதில் தேடி வந்தபோது, முந்தையவரின் மாலையை 'என்னுடையது' என்று கேட்டாராம். முறை பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் கர்மபா பரம்பரையில் ஆரம்பித்தது என்கிறார்கள்.

இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும், எனக்கும் வந்தது. புத்தர் ஆத்மா என்று ஒன்று இல்லை என்றவர் ஆயிற்றே, பின் எது மறுபடி பிறக்கிறது? நம் சைவத்தில் சிக்கல் இல்லை; உயிர் ஒன்று, உடம்பு சட்டை மாதிரி மாறும். பௌத்தத்தில் அப்படிச் சொல்ல முடியாது. மிலிந்தன் என்ற யவன அரசன் நாகசேனர் என்ற துறவியிடம் இதையே கேட்டதாக அவர்களின் பழைய நூல் ஒன்றில் உண்டு. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் சுடர் அங்கே போய்விட்டதா என்று அவர் திருப்பிக் கேட்கிறார். போகவில்லை, ஆனால் அது இல்லாமல் இது இல்லை. சரி, ஞானம் பெற்றவர்களுக்குப் பிறப்பு தீர்ந்துவிடுமே, லாமா ஏன் வரவேண்டும்? கரை ஏறியவர் மற்றவர்களை ஏற்றிவிடத் தாமாகவே திரும்பி இறங்குகிறார் என்பது திபெத்தியர்களின் பதில். போதிசத்துவர் என்பது அதுதான். படித்தால் பெரிய தத்துவம். படத்தில் அது மூக்கு ஒழுகும் ஒரு சின்னப் பையனாக நிற்கிறது.

தலாய் லாமா பையனை அங்கீகரிக்கிறார். பெயர் மாறுகிறது. இனி பெற்றோரிடம் கேட்கவேண்டும். என்னைப் பொறுத்தவரை படம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஏழைக் குடும்பம். டென்சின் சோபா மெதுவாக, குரல் உயர்த்தாமல், பிள்ளையைத் தந்துவிடுவீர்களா என்று கேட்கிறார். எல்லா உயிர்களுக்கும் நன்மை என்றால் தருகிறோம், இல்லாவிட்டால் பெற்ற பிள்ளையை யார் கொடுப்பார்கள் என்ற கருத்தில் தகப்பன் ஏதோ சொல்கிறான். தாய் அதிகம் பேசுவதில்லை. அவள் முகத்தில் கேமரா கொஞ்ச நேரம் நிற்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே இயக்குநருக்கு ஒரு கும்பிடு போடலாம். பிறகு மொட்டை போடும்போது பையன் கத்துகிற கத்தல், அது முந்தைய பிறவியில் குகையில் தவம் செய்த பெரியவரின் கத்தல் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவைத் தேடும் பிள்ளையின் கத்தல்.

நம் பக்கமும் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 'பேரன்' என்ற சொல்லே பெயரன், பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்பதிலிருந்து வந்தது. திருநெல்வேலிப் பக்கம் என் தலைமுறை வரை மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான். எனக்கும் அப்படி. தாத்தா இறந்து ஒரு வருடம் கழித்துப் பிறந்தேன். ஆச்சிக்கோ கட்டின புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கமில்லை. ஆகவே என்னைப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதே கிடையாது. அண்ணனை 'ஏலே' என்பாள். என்னை மட்டும் "ஐயா, சாப்பிட வாரியளா?" என்பாள். எனக்கு அப்போது ஐந்து வயது. அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினால், "யார் மேல கை ஓங்குத?" என்று ஆச்சி குறுக்கே வந்துவிடுவாள். தவழும் வயதில் தாத்தாவின் வெள்ளிப் பொடி டப்பியை நான் எடுத்து வாயில் வைத்துக் கொண்டேனாம். அது போதும் அவளுக்கு. எந்த லாமாவும் வந்து பரீட்சை வைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆச்சி கிடையாகக் கிடந்தபோது எனக்குப் பதினான்கு வயது. ஒரு நாள் சாயங்காலம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "வயலுக்குத் தண்ணி பாஞ்சுதா?" என்று கேட்டாள். அப்போது எங்களுக்கு வயலே இல்லை, விற்று ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. பக்கத்தில் நின்ற அம்மா என் முதுகில் கை வைத்தாள். "பாஞ்சாச்சு" என்றேன். ஆச்சி தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மணிமேகலை படித்தவர்களுக்குத் தெரியும், நம் மொழியில் இந்த விஷயத்தைச் சாத்தனார் எவ்வளவு கடுமையாக வைத்திருக்கிறார் என்று. மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைக் கண்டதும் மணிமேகலைக்கு முற்பிறப்பு தெரிந்துவிடுகிறது. அப்போது அவள் இலக்குமி, கணவன் இராகுலன், பாம்பின் விஷத்தால் இறந்தவன். அந்த இராகுலனே இன்று தன்னைத் துரத்தும் இளவரசன் உதயகுமாரன். தெரிந்ததால் அவளுக்கு நிம்மதி வந்ததா என்றால் இல்லை. காயசண்டிகை வடிவத்தில் இருக்கிறாள். தன் மனைவி என்று நினைத்துக் காஞ்சனன் வருகிறான், உதயகுமாரனை வெட்டிவிடுகிறான். பழைய கணவன் வெட்டுண்டு கிடக்கிறான் என்று அழுதபடி அவனிடம் போகப் பார்க்கிறாள். கந்திற்பாவை அவளைத் தடுக்கிறது. பிறவிக்குப் பிறவி இதுபோல எத்தனை கணவன், எத்தனை மனைவி, எதற்கென்று அழுவாய் என்கிற தொனியில் தெய்வம் பேசுகிறது. அந்த இடத்தைக் கல்லூரி நாளில் வேகமாகத் தாண்டிப் போனேன். இப்போது தாண்ட முடியவில்லை.

ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி காலமாகி மூன்று வருடம். பதினோரு மாதம் கழித்து மகளுக்குப் பெண் குழந்தை. செய்தி கேட்டதும் மதினி முதலில் சொன்னது, "பார்த்தியளா தம்பி, அவளே வந்துட்டா." அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் குழந்தையின் காது, நெற்றி, தூங்கும்போது கையைத் தலைக்குக் கீழே வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறார்கள். போன பொங்கலுக்கு மதினி ஒரு காரியம் செய்தாள். மனைவியின் சுருக்குப்பை, என் மூக்குக்கண்ணாடிக் கூடு, ஒரு பொம்மை மூன்றையும் பாயில் வைத்துக் குழந்தையை விட்டாள். அது நேராகப் போய்ச் சுருக்குப்பையை எடுத்தது. மதினி வாய்விட்டு அழுதுவிட்டாள். எனக்கும் அடிவயிற்றில் என்னவோ செய்தது, மறைப்பானேன்.

மகள் வந்து குழந்தையைத் தூக்கிக் கொண்டாள். "பெரியம்மா, அதுல சில்லறை கிலுங்குச்சு, அதான் எடுத்தா. இவ நாளைக்குப் படிக்காமச் சுத்தினா நான் நாலு சாத்து சாத்தணும். எங்கம்மான்னு சொல்லிட்டீங்கன்னா எப்படிச் சாத்துறது?" எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மா பெயரை வைக்கமாட்டேன் என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். அப்போது எனக்கு வருத்தம்தான். ஆனால் ஆச்சி முன்னால் கிழவனாக வளர்ந்தவன் நான், அவளிடம் வாதாடவில்லை.

இதே கோபன் மடத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர் லாமா யேஷே. 1984-ல் இறந்தார். அவருடைய மறுபிறவி என்று ஸ்பெயினில் 1985-ல் பிறந்த ஓசெல் என்ற குழந்தையை அங்கீகரித்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளை. மைசூர் தாண்டி பைலகுப்பேயில் இருக்கும் சேரா மடத்தில் படிக்க வைத்தார்கள். குடகு போகிறவர்கள் பஸ்ஸை நிறுத்தித் தங்கக் கோயில் பார்ப்பார்களே, அந்த ஊர்தான். நானும் பார்த்திருக்கிறேன், சிவப்பு அங்கி போட்ட சின்னப் பையன்கள் மைதானத்தில் பந்து விளையாடிக் கொண்டிருந்தார்கள். பதினெட்டு வயதில் ஓசெல் மடத்தை விட்டு வெளியே வந்துவிட்டார். ஸ்பெயினுக்குத் திரும்பி சினிமாப் படிப்புப் படித்தார். பொய்யாகப் போயிற்று என்று சிலர் சொல்லலாம், எனக்கு அப்படிப் படவில்லை. விளக்கு ஏற்றினால் எந்தப் பக்கம் எரியவேண்டும் என்று திரியிடம் யார் சொல்லமுடியும்?

டென்சின் சோபாவை மட்டும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. நான்கு வருடத் தேடலில் அவர் கண்டுபிடித்தது அந்தப் பையனையா, தான் அழுது தீர்க்க ஓர் இடத்தையா என்று படம் சொல்வதில்லை. பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். குருவுக்குச் செய்த அதே சேவையை இப்போது இவனுக்குச் செய்கிறார், சாப்பாடு ஊட்டுவது உட்பட. பையனும் அவரிடம் ஒட்டிக்கொள்கிறான். அதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

மகளுக்குப் பென்டிரைவைக் கொடுத்திருக்கிறேன். முழுப் படத்துக்கு நேரமில்லை என்றால், அந்தத் தாய் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இடத்தையாவது பார் என்று சொன்னேன். குழந்தை தூங்கின பிறகு பார்க்கிறேன் என்றாள். அது தூங்க மணி பதினொன்று ஆகிறது.