அண்ணன் காரின் ஹீட்டர்

காருக்கு ஹீட்டர் எதற்கு என்று நம் புதுச்சேரியில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். ஏ.சி. இருந்தால் போதும் நமக்கு. நானும் 61 வயது வரை ஹீட்டர் என்ற ஒன்றைப் பற்றி யோசித்ததே இல்லை. 2011 டிசம்பரில் பிரான்சில் பெல்ஃபோர் ரயிலடியில் இறங்கி, அண்ணன் காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

அண்ணன் எனக்கு ஒன்பது வயது மூத்தவர். லீசேயில் படிப்பை முடித்த கையோடு சொல்தாவாகப் போய்விட்டார். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா ஓப்ஸ்யோன் எழுதிக் கொடுக்கவில்லை. அண்ணன் பிரெஞ்சுக்காரராகவே இருந்தார், நாங்கள் இந்தியர்களானோம். அதே லீசேயில் பிரெஞ்சில் படித்த நான் இங்கேயே அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 36 வருஷம் கோப்புகளைப் புரட்டி ஓய்வு பெற்றேன். அண்ணன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, சுவிஸ் எல்லைக்குப் பக்கத்தில் குளிர் அதிகமான அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். அண்ணி 2009இல் தவறினார். அப்போது என்னால் போக முடியவில்லை.

கார் 1967ஆம் வருஷத்து பெஜோ 404. பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மீன் துடுப்பு மாதிரி தூக்கிக்கொண்டிருக்கும். இத்தாலியில் பினின்ஃபரீனா வரைந்த உருவம். 1960 முதல் 1975 வரை பிரான்சில் செய்தார்கள். 1618 சி.சி. எஞ்சினைச் சாய்த்து வைத்திருப்பார்கள். கியர் ஸ்டீயரிங் பக்கத்தில், நம் பழைய அம்பாசடர் போல. அண்ணன் 1974இல் பழையதாக வாங்கி, துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்.

அன்று வெளியே பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டிகிரி. காருக்குள்ளும் அதேதான். நாங்கள் விட்ட மூச்சில் முன் கண்ணாடி வெள்ளையாகப் படிந்துவிட்டது. அண்ணன் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு இன்னொரு கையால் துடைத்துக்கொண்டே வந்தார். எனக்குப் பல் தந்தியடித்தது.

"ஹீட்டர் ரிப்பேரா அண்ணே?"

"ரிப்பேர் இல்ல தம்பி. நான்தான் துண்டிச்சு வச்சிருக்கேன்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் தண்ணீர் கொதிக்கும் நிலைக்குப் பக்கத்தில் இருக்கும். அதில் கொஞ்சத்தை இரண்டு ரப்பர் குழாய் வழியாக டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்கு அனுப்புகிறார்கள். பின்னால் ஒரு விசிறி. சூடான காற்று காலுக்கும் கண்ணாடிக்கும் வரும். வீணாகப் போகிற சூட்டில் ஓடுவதால் தனிச் செலவு இல்லை. அந்தக் குட்டி ரேடியேட்டர் ஓட்டையானால் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படியும், உள்ளே தித்திப்பாக ஒரு வாசனை வரும், பக்கத்து சீட்டில் இருப்பவர் காலடியில் விரிப்பு நனையும். பலர் செய்கிற குறுக்கு வழி, எஞ்சின் பக்கத்தில் அந்த இரண்டு குழாயையும் ஒன்றோடொன்று சேர்த்து முடுக்கிவிடுவது. ஒழுகல் நிற்கும். சூடும் நிற்கும். அண்ணன் செய்திருந்தது அதுதான்.

முழங்கால் வலி வந்ததால் அண்ணன் காரை விற்க முடிவு செய்திருந்தார். பக்கத்து ஊர் இளைஞன் ஒருவன் மாதக் கடைசியில் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

"ஹீட்டர் ஓடாதுன்னு அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டேன். பரவாயில்ல, விலையைக் குறைச்சுக்குங்கன்னான். எனக்கு மனசு ஒப்பல. நீ வந்திருக்கே. ரெண்டு பேருமா மாத்திடுவோம்" என்றார்.

எழுபது வயதும் அறுபத்தொரு வயதுமாக ஷெட்டில் இறங்கினோம். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினோம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்தோம். குளிரில் உறையாமல் இருக்க அதில் கிளைக்கால் கலந்திருக்கும். அது தித்திக்கும், ஆனால் விஷம். நாய் பூனை நக்கினால் செத்துப்போகும். அதனால் சாக்கடையில் கொட்டாமல் கேனில் மூடி, நகராட்சிக் கழிவு நிலையத்துக்குக் கொண்டுபோக எடுத்துவைத்தோம். ரேடியேட்டர் முனையில் கெட்டிப்பட்டிருந்த பழைய குழாய்த் துண்டுகளை அண்ணன் திருகி இழுக்கவில்லை, பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தார். இழுத்தால் உள்ளே இருக்கும் பித்தளை முனை உடைந்துவிடுமாம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. அந்தக் குட்டிப் பெட்டியை எட்டுவதற்கு ரேடியோ, சாமான் வைக்கும் அறை, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கம்பிகள், விசிறி ஒயர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். முதலில் அதை வைத்துவிட்டுச் சுற்றிக் காரைக் கட்டியிருப்பார்களோ என்று தோன்றியது.

எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. ஆனால் கோப்பு போடத் தெரியும். ஒரு கட்டு தபால் உறை வாங்கி, கழற்றிய ஸ்க்ரூக்களை இடவாரியாகப் போட்டு, எண் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதினேன். கம்பிகள் எந்த நிலையில் இருந்தன என்று படம் வரைந்துகொண்டேன். மொத்தம் 23 உறை.

"ஏண்டா, ஸ்க்ரூவுக்கும் ஃபைல் போடுறியே!" என்று அண்ணன் சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

மூன்றாம் நாள் அது வெளியே வந்தது. கெட்டி அட்டை போட்ட ஒரு கணக்குப் புத்தகம் அளவுதான். ஓரத்தில் செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. அண்ணன் அதை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"2006ல ஒழுக ஆரம்பிச்சுது. உங்க அண்ணி காலடிதான் நனைஞ்சுது. குழாயைச் சேர்த்து விட்டேன். அடுத்த வருஷம் மாத்திடலாம்னேன். மூணு குளிர் காலம் அவ சால்வையைக் காலுல சுத்திக்கிட்டுத்தான் பக்கத்துல உக்காந்து வந்தா. ஒரு நாள் கூடக் கேக்கலடா. கேட்டிருந்தா செஞ்சிருப்பேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "டீ போட்டு எடுத்தாரேன் அண்ணே" என்று உள்ளே போனேன்.

மறுநாள் ரேடியேட்டர் பற்றவைக்கும் ஒரு பட்டறைக்கு எடுத்துப்போனோம். செம்பும் பித்தளையுமான பழைய ரகம் என்பதால் சரிசெய்ய முடிந்தது. ஒரு முனையை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, காற்றை உள்ளே விட்டார் பட்டறைக்காரர். சைக்கிள் ட்யூபில் பஞ்சர் பார்ப்பது மாதிரிதான். இரண்டு இடத்தில் குமிழ் வந்தது. ஈயம் வைத்து அடைத்து, மறுபடி முக்கிக் காட்டினார். ஒரு குமிழ் இல்லை.

திரும்பப் பூட்டும்போது என் உறைகள் 23லிருந்து 1 வரை வரிசையாக வந்தன. பொடிப்பொடியாக உதிர்ந்திருந்த பழைய பஞ்சு ஓரத்துக்குப் பதிலாகப் புதிதாக வெட்டி ஒட்டினோம். அது இல்லையென்றால் காற்று ரேடியேட்டர் வழியே போகாமல் ஓரத்தால் நழுவிவிடும். ரப்பர் குழாயும் கிளாம்பும் புதிது. ஒரு ஸ்க்ரூ கூட மிச்சமில்லை.

எஞ்சினைப் போட்டு, விசிறியைத் திருகினால் ஜில்லென்று காற்று. அண்ணன் முகம் தொங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "உள்ள காத்து அடைச்சிருக்கு" என்றார். காரை மேட்டில் ஏற்றி, முன்பக்கம் தூக்கலாக நிறுத்தினோம். எஞ்சின் ஆறியபின் மூடியைத் திறந்து, ஹீட்டர் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, மெதுவாக எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டோம். களக் களக் என்று காற்று வெளியே வந்தது. மூடியைப் போட்டுவிட்டு மறுபடி விசிறியைத் திருகினார். முதலில் வெதுவெதுப்பு. பிறகு நல்ல சூடு. கண்ணாடியில் இருந்த பனி கீழிருந்து மேலாகக் கரைந்துகொண்டே போனது.

அன்று இரவு என்னை அண்ணி உட்காரும் சீட்டில் உட்காரவைத்து ஊரை ஒரு சுற்று சுற்றினார்.

"காலு சுடுதா தம்பி?"

"சுடுது அண்ணே."

கொஞ்ச தூரம் போய் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். வீடு வரும் வரை நாலைந்து தடவை கேட்டிருப்பார்.

வருஷக் கடைசியில் அந்தப் பையன் வந்து காரை எடுத்துப்போனான். பேசிய குறைந்த விலையையே அண்ணன் வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பிய மறுநாள் நான் செய்த முதல் வேலையைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் இரண்டு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி கீழே ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு, கேட்பதையே விட்டுவிட்டாள். கடைக்குப் போய் வாஷர் வாங்கி வந்து மாட்டினேன். கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன திடீர்னு?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.