காயம்பட்ட பரங்கிக்காய்கள்

தில்லியில் நான் குடியிருக்கும் தரைத்தள வீட்டின் பின்புறம், சென்ற ஆண்டு மறைந்த அம்மா முடிந்து கொடுத்த விதையில் வளர்ந்தது அந்தப் பரங்கிக்கொடி. அக்டோபர் தொடக்கத்தில் குரங்குகள் புகுந்து, ஐந்து காய்களையும் பிடுங்கி உருட்டிவிட்டுச் சென்றன.

இரண்டில் காம்பு முறிந்து, காயம் சதைவரை இறங்கியிருந்தது. அவற்றை அன்றே நறுக்கிக் கூட்டு வைத்தேன். உள்ளே விதைகள் முற்றியிருக்கவில்லை. எஞ்சிய மூன்றும் முற்றியவை, காம்போடு இருந்தன, தோலில் மட்டுமே கீறல். மண்ணைத் துடைத்து, நிழலில் கயிற்றுக்கட்டிலின்மேல் ஒன்றையொன்று தொடாதவாறு பரப்பினேன். ஏறத்தாழ 27 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பமும் நல்ல காற்றோட்டமும் பத்து நாள்கள் கிடைத்தால், முற்றிய பரங்கி தன் கீறலின்மீது தக்கை போன்றதொரு படலத்தைத் தானே வளர்த்துக்கொள்ளும், தோலும் இறுகும். ஆழ்ந்த காயத்துக்கு இவ்வழி உதவாது.

ஒரு காயை மட்டும், அழுக்குப் போகவில்லையென்று கழுவினேன். ஆறாம் நாள் அதன் கீறல் நெகிழ்ந்து அழுகியது. தவறு என்னுடையது.

மற்ற இரண்டும் நகம் பதியாத தோலுடனும் பழுப்பு வடுக்களுடனும் என் நூலடுக்கின் கீழ் இருக்கின்றன. பிப்ரவரியில் அறுத்து விதையெடுக்க வேண்டும். அதுவரை, ஆய்வேட்டின் திருத்தங்களுக்கிடையே, நாள்தோறும் அவற்றைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.