புண்ணாறுதலும் குடவுவமையும்

முதல், துணை, நிமித்தம் என்னும் முக்காரணங்கட்கும் குடத்தை உவமை காட்டுதல் நம் ஆசிரியர் மரபு. திருமுதுகுன்றத்துப் பீங்கான் சூளைகளை அடுத்து வாழ்வார்க்கு அதன்கண் ஓர் ஐயம் எழும். வெந்த கலம் விண்டால் மீளப் பொருந்தாது. அதனைச் சுட்ட தொழிலாளன் கைப்புண்ணோ சின்னாளில் தானே பொருந்துகின்றது. உடம்பு தன்னைத் தானே ஆக்குமாயின் நிமித்த காரணன் எற்றுக்கு?

உடற்கூற்று நூலார் கூறுவது நுணுகியறியத் தக்கது. மேற்படலம், இணைப்பு, தசை, நரம்பு எனத் திசுக்கள் நால்வகை. புண்பட்டவுடன் குருதித்தட்டுக்கள் குழுமி வாயடைக்கும். சிதைந்த உயிரணுக்கள் விடுக்கும் இரசாயனப் பொருள்களே தூதாக, வெள்ளணுக்கள் விரைந்துவந்து கிருமிகளை விழுங்கும். 1882-இல் மெசினா நகரில் மெச்னிகாவ் என்னும் உருசியர், நட்சத்திரமீனின் இளவுயிரில் முள்ளைச் செருகி, அதனை அணுக்கள் சூழ்ந்து மொய்த்திருத்தலை மறுநாட் கண்டார். பின்னர் நாரணுக்கள் கொலாசன் என்னும் நாரினை நெய்து பிளவை நிரப்பும். ஆயினும் தழும்பு, பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு மேற் பெறுவதின்று.

இவையெல்லாம் அணுக்களின் தொழிலே யெனின், ஒக்கும், மறுப்பாரில்லை. ஆயினும் தூதுப்பொருள் தான் தூதென்பதை அறியாது. அறிவுடைய உயிரோ, புண் ஆறுங்கால் உறங்குகின்றது. ஆதலின் ஊனும் என்பும் முதற்காரணமாகிய மாயையின் காரியம். வெள்ளணு முதலியன தண்டசக்கரம் போலத் துணைக்காரணம் என்க. குயவன் கலத்தை வனைந்தபின் விட்டகல்வான். அதனால் விண்டது விண்டபடியே கிடக்கும். இறைவன் செய்யும் திதியோ இடையறாதது. உவமை ஒருபுடை யொப்புமையே யாதலின், இவ்வேறுபாடு அதற்குக் குற்றமாகாது.