தம்பிக்கு, ஆரணியிலிருந்து

ஆரணி,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கல்லூரி என்.எம்.ஆர். கருவிக்கு, 24 சாம்பிளை வரிசையாகத் தானே எடுத்து ஓட்டும் சாதனம் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். காந்தப்புலத்தை நிலைநிறுத்தும் லாக், அதைச் சீராக்கும் ஷிம் எல்லாவற்றையும் அதுவே செய்துவிட்டால் பி.எஸ்சி. பிள்ளைகளுக்குக் கற்க என்ன மிஞ்சும் என்றும் கேட்டிருந்தாய்.

தயங்காமல் ஓட்டு. இங்கே என் மாணவிகள் எத்தனாலின் ஸ்பெக்ட்ரத்தைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்துத் தேர்வெழுதுகிறார்கள். அதன் மூன்று பீக்கையும் 1951இல் ஸ்டான்ஃபோர்டில் பிரித்துக் காட்டிய மூவரில் தர்மட்டி நம் நாட்டவர். பிறகு பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் என்.எம்.ஆர். ஆய்வைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான். ஒன்றுக்கு இரண்டுக்கு மூன்று என்ற அந்தப் பரப்பளவு விகிதத்தை, தான் கரைத்த சாம்பிளில் ஒரு பிள்ளை பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம்! ஒவ்வொருவரும் கையால் ஷிம் செய்தால் நாலு பேர் முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். மற்றவர்களுக்கு வேடிக்கைதான்.

நம் வீட்டுத் தறியில் ஜக்கார்டு பெட்டி பாவு இழையைத் தானே தூக்குகிறது. அதனால் அப்பாவுக்கு வேலை குறைந்ததா என்ன? அறுந்த இழையைக் கண்டுபிடிப்பது இன்றும் அவர் கண்தான். உன் பிள்ளைகளுக்கும் அந்தக் கண் வர வேண்டும். டியூபில் கரைசல் நாலு சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ, கரையாத துகள் மிதந்தாலோ பீக் அகன்றுவிடும். அப்படி ஒரு சாம்பிளை வேண்டுமென்றே வரிசையில் வைத்துக் காட்டு. கணினியில் கரைப்பானைத் தவறாகக் குறித்தால் என்ன ஆகிறது என்பதையும் பார்க்கட்டும். முதல் நாள் மட்டும் ஆளுக்கொரு முறை கையால் ஷிம் செய்ய விடு.

கார்பன் ஸ்பெக்ட்ரத்தை இரவு வரிசையில் போட்டுவிடு. கார்பன்-13 இயற்கையில் 1.1 சதவீதம்தான், நேரம் பிடிக்கும்.

இன்னொன்று கேட்கிறேன், மறுக்காதே. நம் பட்டு நூலையே ஒரு பாடமாக வை. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசை எடுத்த நூலில் மிஞ்சுவது ஃபைப்ரோயின். அதில் முக்கால் பங்குக்கு அருகே கிளைசினும் அலனினும்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நன்றாகச் சிதையும்வரை சூடாக்கி, உலர்த்தி, கனநீரில் கரைத்தால் போதும். கிளைசின் ஒற்றை பீக்காக நிற்கும், அலனினின் மெத்தில் இரட்டையாகப் பிரியும். மூன்று கிளைசினுக்கு இரண்டு அலனின் என்பது பட்டின் கணக்கு. கிளைசினில் இரண்டு ஹைட்ரஜன், மெத்திலில் மூன்று. ஆகவே இரண்டு பரப்பும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். ஏன் சமம் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுச் சொல்லட்டும். இங்கேதான் கருவியின் வழக்கமான அமைப்பை நம்பக் கூடாது. ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததற்கும் நடுவே போதிய இடைவெளி விடாவிட்டால் பரப்பளவு பொய் சொல்லும். இடைவெளிக்கான அந்த எண்ணை மாற்றத் தெரிந்த பிள்ளை என்.எம்.ஆர். கற்றுவிட்டது என்று நான் ஒப்புக்கொள்வேன்.

சாயம் ஏறாத நூலாகப் பார்த்து அப்பாவிடம் வாங்கி வைத்திருக்கிறேன், நாளை பார்சலில் வரும். ஸ்பெக்ட்ரம் எடுத்ததும் ஒரு நகல் அனுப்பு. என் வகுப்பில் பாதிப்பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அக்கா