கடைசிக் கூண்டில் இருந்தவள்

பெட்டை, கறுப்பு, குட்டிப் பருவம் தாண்டியவள். காப்பகத்தில் ஒரு நாயை யாரும் கேட்காமல் போக இதில் ஒன்றே போதும். குயிலிக்கு மூன்றும் சேர்ந்திருந்தன. கண் திறந்து சில வாரங்களிலேயே சென்னைச் சாலையொன்றில் இருசக்கர வாகனம் ஏறிப் பின்னங்கால் உடைந்து வந்தவளாம். கால் கூடிவிட்டது, லேசான நொண்டல் மட்டும் மிச்சம். நான் பார்த்தபோது எட்டு மாதம்.

"குட்டிங்களை உடனே தூக்கிட்டுப் போயிடுவாங்கக்கா. இதைப் பாத்தா, 'பொட்டையா?'ன்னு கேட்டுட்டு நகர்ந்துடுவாங்க" என்றார் அங்கே பராமரிப்பு பார்க்கும் பெண்.

கருத்தடை செய்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே கொண்டுவிட வேண்டும் என்கின்றன 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள். நல்ல விதிதான். தன் தெருவை அறிந்த நாய் அங்கே பிழைத்துக்கொள்ளும். ஆனால் காப்பகத்திலேயே வளர்ந்த இவளுக்குத் தெரு என்று ஒன்று கிடையாது. எந்த வீட்டில் சோறு வைப்பார்கள், எந்த வீட்டில் கல்லெறிவார்கள் என்று தெரியாது. வேற்றுத் தெருவில் விட்டால் அங்கிருக்கும் கூட்டம் கடித்துத் துரத்தும். வீடு கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் ஆயுள் முழுக்கக் கூண்டு.

பெட்டை என்றதும் முகம் சுளிப்பவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. குட்டி போட்டுவிடும் என்ற பயம் ஒரு கருத்தடை ஆபரேஷனோடு தீர்ந்துபோகிறது. கருப்பையில் சீழ் பிடித்துச் சாகும் ஆபத்தும் அதோடு போகிறது. குயிலிக்கு அதைக் காப்பகத்திலேயே செய்திருந்தார்கள். ரேபீஸ் ஊசியும் பார்வோ, டிஸ்டம்பருக்கான ஊசியும் போட்டிருந்தார்கள். எங்களுக்கு மிஞ்சியது ஆண்டுதோறும் ஊசியைத் தொடர்வதும், மாநகராட்சி உரிமம் எடுப்பதும்தான்.

வீட்டுக்கு வந்தவள் கட்டிலுக்கடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நாங்கள் தூங்கிய பிறகுதான் சாப்பிடுவாள். விளக்குமாற்றை எடுத்தால் இருந்த இடத்திலேயே சிறுநீர் போய்விடும். ஒரு உயிருக்கு வீடு கொடுத்துவிட்டோம், இனி அது வாலாட்டிக்கொண்டு நம் பின்னாலேயே வரும் என்ற ஆசை எனக்குள் பலமாக இருந்தது. அவளோ என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது வலித்தது.

கைநீட்டி அவளை அழைத்துக்கொண்டிருந்த என்னை ஒருநாள் மாமியார் நிறுத்தினார். "விடும்மா. நீ கூப்பிடக் கூப்பிட அது இன்னும் உள்ளதான் போகும். உன் வேலையைப் பாரு, தானா வரும்." கிராமத்தில் மாடும் ஆடும் நாயுமாக வாழ்ந்தவர். அவரே மதியத்தில் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்வார். நாய்ப் பக்கம் திரும்பவே மாட்டார். நானும் அப்படியே புத்தகத்தோடு உட்காரத் தொடங்கினேன். விளக்குமாற்றை அவள் கண்ணில் படாமல் வைத்தோம். சோற்றுத் தட்டை நாளுக்குக் கொஞ்சமாகக் கட்டிலைவிட்டு வெளியே நகர்த்தினோம்.

வாரங்கள் போயின. ஒரு மத்தியானம் கால்விரலில் ஈரமாக ஏதோ பட்டது. அவள் மூக்கு. நான் அசையவில்லை, தொடவும் இல்லை. முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அன்றைக்கு எனக்கு வந்த அழுகையை மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகளிடமும் பதிலுக்கு அன்பை உடனுக்குடன் கேட்டு நிற்பவள் நான். கேட்காமல் பக்கத்தில் இருப்பதை இவளிடம்தான் பழகினேன்.

அவளை வளர்ப்பதற்கு அடுக்குமாடிச் சங்கத்தில் எதிர்ப்பு வந்தது. வீட்டில் பிராணி வளர்ப்பதற்குக் குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே ஒரு சுற்றறிக்கையில் தெளிவாக்கியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையைக் காட்டினேன். கூடவே, வார்பட்டை இல்லாமல் அழைத்துவர மாட்டேன், அவள் கழிவை நானே அள்ளுவேன் என்றும் எழுதிக் கொடுத்தேன். பக்கத்துவீட்டாரின் பயமும் நியாயமானதுதானே.

காப்பகத்துக்குப் போக நினைப்பவர்கள் வீட்டிலுள்ள எல்லோரையும் கேட்டு, சம்மதத்தோடு போங்கள். பன்னிரண்டு, பதினான்கு வருடப் பொறுப்பு அது. போனால் முன்னால் துள்ளும் குட்டிகளோடு நின்றுவிடாதீர்கள். கடைசிக் கூண்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை கேளுங்கள்.